முருகவேலின் முதல் சாம்பிள்

போன மாதம் ஒரு மதியம் கவிதா போன் செய்தாள். நான் வேலையை விட்டபோது என் ஸ்டூலில் உட்கார்ந்த பெண் அவள். விருத்தாசலத்தில் நான் வேலை பார்த்த குழந்தைப்பேறு மருத்துவமனையின் லேபில் இப்போது விந்தணுவை எண்ண ஒரு மெஷின் வாங்கியிருக்கிறார்கள். ஒரு சொட்டு வைத்தால் போதும். எண்ணிக்கை, ஓட்டம், வடிவம் எல்லாவற்றையும் அதுவே பார்த்து அச்சடித்துத் தந்துவிடும்.

"அக்கா, மெஷினு ஓட்டம் ஜீரோன்னு குடுத்துருக்குது. அப்படியே பிரிண்ட் எடுத்துக் குடுத்துடவா? ஆளு வெளியில நிக்கறாரு."

"யாரு, என்னா, எப்படிக் கொண்டாந்தாங்கன்னு கேட்டியா?"

"அதெல்லாம் எதுக்குக்கா? ஜீரோன்னா ஜீரோதானே."

"குடுக்காத. முதல்ல சாயம் போட்டுப் பாரு. அப்புறம் சாம்பிளை வெளியில எடுத்துட்டுப் போயி மோந்து பாரு."

"மோந்தா? என்னாக்கா சொல்றீங்க?" என்று சிரித்தாள். விளக்கத் தொடங்குவதற்குள் அவளை யாரோ கூப்பிட்டார்கள், போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு உட்கார முடியவில்லை. அடுப்பங்கரைக்கும் வாசல் கேட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மைக்ராஸ்கோப்பில் குனிந்து குனிந்து கழுத்து எலும்பு தேய்ந்துபோய், ஓய்வு வயதாகும் முன்னமே வேலையை விட்டவள் நான். நடந்தால் கழுத்து வலிக்கும், உட்கார்ந்தால் மனசு வலிக்கும். கவிதாவுக்குச் சொல்ல வந்ததை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. தினமும் டைரி எழுதுகிறவளுக்கு இது ஒன்றும் புதிய வேலையில்லை.

படித்த கதை சுருக்கமானது. லேப் டிப்ளமா முடித்தேன். கடலூரில் சில வருஷம் ரத்தம், சிறுநீர், சளி. கல்யாணமாகி விருத்தாசலம் வந்தபின் இந்த மருத்துவமனை. இங்கே பெரும்பாலும் விந்துப் பரிசோதனை. வந்த புதிதில் ஆண்கள் என் கையில் டப்பாவைக் கொடுக்கவே மாட்டார்கள். வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு ரோட்டுக்குப் போய் டீ குடிப்பார்கள். கடைவீதியில் கடை வைத்திருந்த ஒரு பாய் மட்டும் நேரே கேட்டார்.

"இதெல்லாம் பொம்பள பாக்குற வேலையாம்மா?"

"எண்றதுதானே பாய் வேலை. நீங்க கடையில முட்டை எண்ணல?"

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அடுத்த முறை வந்தபோது, "முட்டைக்கார அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

எங்கள் டாக்டர் சரோஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான, உயரமான அம்மா. ரிப்போர்ட்டில் "இல்லை" என்ற சொல்லை எழுத விடமாட்டார். "தென்படவில்லை" என்றுதான் எழுத வேண்டும். "நீ பாத்த சொட்டுல தென்படல, அவ்ளோதான் ஒனக்குத் தெரியும் மல்லிகா" என்பார். முதல் சாம்பிளை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டார். நோயாளியிடம் கூச்சமான கேள்வி கேட்க வேண்டுமானால் எழுந்து போய், முதுகைக் காட்டிக்கொண்டு வாஷ்பேசினில் கை கழுவுவார். தண்ணீர் விழும் சத்தத்தோடு சத்தமாகக் கேள்வி வரும். முகத்தை யாரும் பார்க்கவில்லை என்பதால் ஆளும் பதில் சொல்லிவிடுவார். கை சுத்தமாக இருக்கும்போதும் ஏன் கழுவுகிறார் என்று எனக்குப் புரியவே ஒரு வருஷம் ஆனது.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் அவரிடம் வந்தவர்கள்தான் முருகவேலும் அஞ்சலையும். கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் வீடு. முருகவேல் ஒரு பீங்கான் யூனிட்டில் வேலை பார்த்தவர். யார்டில் மலைபோல் கொட்டி வைத்திருக்கும் களிமண்ணை அடியில் வெட்டி வெட்டி எடுப்பார்கள். மேலே உள்ளது தானாகச் சரிந்து வரும், வேலை சுலபம். மழைக்கு மறுநாள் அது அவர் முதுகில் சரிந்தது. மார்புக்கு நடுவே தண்டுவடம் நசுங்கி, அதற்குக் கீழே உணர்வே இல்லாமல் போனது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அஞ்சலை வேறொரு யூனிட்டில் பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிறவள். விரலிடுக்கில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும்.

இப்படி அடிபட்டவர்களுக்குக் குழந்தைக்கு வழியே இல்லை என்றுதான் ஊரில் நினைப்பார்கள். அது சரியல்ல. விதைப்பையில் உற்பத்தி நடந்துகொண்டுதான் இருக்கும். வெளியே வருவதற்கு மூளையிலிருந்து உத்தரவு போகாது. சரியான இடத்தில் அடிபட்டிருந்தால், அதிர்வு தரும் ஒரு சிறு கருவியை ஆணுறுப்பின் அடிப்பக்கத்தில் வைத்துப் பிடித்தால், மூளையைக் கேட்காமலே உடம்பு தன் வேலையைச் செய்யும். டாக்டர் அதை முருகவேலுக்கு மருத்துவமனையில் ஒரு முறை செய்துபார்த்து, ரத்த அழுத்தம் அதிகம் ஏறவில்லை என்று தெரிந்த பிறகு, அஞ்சலைக்குக் கற்றுக் கொடுத்துக் கருவியையும் கொடுத்து அனுப்பினார். அன்றைக்குப் பலன் இல்லை. வீட்டில் நிதானமாகச் செய்துபார்க்கச் சொன்னார். வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும், உடம்புச் சூடு ஆறக்கூடாது.

ஒரு காலையில் அஞ்சலை வந்தாள். மடியில் புடவைக்குள் செருகியிருந்த டப்பாவை எடுத்து என் கையில் வைத்தாள். டப்பா கதகதப்பாக இருந்தது. பின்னாலேயே அவளுடைய அண்ணன் ராசேந்திரன். அவருடைய பைக்கில்தான் வந்திருந்தார்கள்.

"அக்கா, வந்துடுச்சிக்கா" என்றாள். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. பரீட்சையில் பாஸான பெண் மாதிரி இருந்தாள்.

சாம்பிள் பழுப்பு நிறமாக இருந்தது. தண்டுவடத்தில் அடிபட்ட பலருக்கு அப்படித்தான் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. திரவம் இளகுவதற்காக இளஞ்சூட்டில் வைத்தேன். பிறகு ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தேன். எண்ணிக்கை குறைவில்லை, கூட்டமாகவே இருந்தன. ஆனால் ஒன்றுகூட அசையவில்லை. டாக்டர் சொல்லிவைத்தபடி டப்பாவின் அடியிலிருந்து இன்னொரு சொட்டு. அதுவும் அப்படியே. வாலைக்கூட ஆட்டாமல் கிடந்தன.

அசையாதது எல்லாம் செத்தது என்று சொல்ல முடியாது. அதைப் பிரித்துப் பார்க்க ஒரு சிவப்புச் சாயம் உண்டு. உயிருள்ள அணு சாயத்தை உள்ளே விடாது, வெள்ளையாகவே நிற்கும். செத்ததற்குள் சாயம் இறங்கிவிடும். சாயத்தைக் கலந்து பார்த்தேன். தகடு முழுவதும் சிவப்பு. எங்கே நகர்த்தினாலும் சிவப்பு. ஒரு வெள்ளையாவது கண்ணில் படாதா என்று ஓரம் வரைக்கும் தேடினேன்.

கதவுக்கு வெளியே ராசேந்திரனின் குரல் கேட்டது. "என்னாங்க ஆச்சி? ரிப்போர்ட்டு குடுத்தா கெளம்பிடுவோம்."

"டாக்டர் பாக்கணுங்க."

"அதுல என்னா பாக்கறதுக்கு? ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுங்க. அது போதும் எங்களுக்கு."

கதவைத் திறந்து அவரைப் பார்த்தேன். முரட்டு ஆள் இல்லை. வெயிலில் நின்று கறுத்த முகம், கையில் பைக் சாவியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். அஞ்சலைக்குக் கேட்கக்கூடாதென்று குரலைத் தணித்தார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. வரச் சொன்னதே மாப்ளதான். ரிப்போர்ட்டுல ஒண்ணும் இல்லன்னு வந்துட்டா தங்கச்சிய நம்ம வூட்டுக்கு அழைச்சிட்டுப் போயிடு, வேற எடம் பாருன்னு அவர் வாயாலயே சொன்னாரு. எனக்கு மட்டும் ஆசையா?"

அவர் தணித்த குரல் போதவில்லை. அஞ்சலை அவருக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள்.

"மாமாவா சொன்னுச்சி?" என்றாள். அண்ணன் தரையைப் பார்த்தார்.

டாக்டர் வந்து தகட்டைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னார். "அடிபட்டவங்களுக்கு ஓட்டம் குறையும், ஒத்துக்கறேன். பாதிக்கு மேல செத்துக்கூடக் கெடக்கும், அதையும் ஒத்துக்கறேன். ஒண்ணுகூட மிச்சமில்லாம சாவாது மல்லிகா. இதை ஏதோ கொன்னுருக்குது."

டப்பாவை எடுத்து மோந்தார். என்னிடம் நீட்டினார். எனக்கு எதுவும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? எங்கள் லேப் மேசையை நாளுக்கு இருமுறை கிருமிநாசினி லோஷன் போட்டுத் துடைப்போம். அந்த அறையின் காற்றே அந்த வாடைதான். டாக்டர் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போனார். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, துணி காயப்போடும் கொடிவரைக்கும் போனார். நானும் போனேன். அங்கே நின்று மூச்சை நன்றாக வெளியே விட்டுவிட்டு மறுபடி மோந்தார்.

"இப்ப பாரு."

லோஷன். கையையும் சிறுநீர் டியூபையும் சுத்தம் செய்கிற அதே செந்நிற லோஷன். பழுப்புச் சாம்பிளில் அதன் நிறம் ஒளிந்துகொண்டிருந்தது.

எனக்கு உடனே தோன்றியது இதுதான்: அஞ்சலை டப்பாவைக் கழுவியிருக்கிறாள். அடிபட்ட நாளிலிருந்து அவள் கற்றுக்கொண்டதெல்லாம் சுத்தம். சிறுநீருக்கு டியூப் வைக்கும் முன் லோஷன், வைத்தபின் லோஷன், படுக்கைப் புண்ணைச் சுற்றி லோஷன். அந்தப் பழக்கத்தில் செய்திருப்பாள். பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டார். வாஷ்பேசின் குழாயைத் திறந்தார்.

"டப்பாவ எதுலம்மா கழுவுன?"

"கழுவவே இல்லங்க டாக்டர். சீலு பிரிக்காம வெச்சிருந்து அப்பத்தான் பிரிச்சேன். நீங்க சொன்னீங்கல்ல."

"கை?"

"பச்சத் தண்ணிதாங்க. தொடச்சிட்டுத்தான் தொட்டேன்."

"வந்ததுக்கப்புறம் டப்பா எங்க இருந்துச்சி?"

"கட்டல்லதான். அண்ணன் ஆரன் அடிச்சாரு, கதவத் தொறக்கப் போனேன். வந்து மூடி எடுத்து மூடி..." அவள் அங்கேயே நின்றுவிட்டாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் முருகவேலின் கை எட்டும் இடத்தில் லோஷன் பாட்டில் எப்போதும் இருக்கும் என்று அவளே முன்பு சொல்லியிருக்கிறாள். டியூபை அவர் தானாகவே வைத்துக்கொள்ளப் பழகியிருந்தார்.

டாக்டர் குழாயை மூடினார். "நாளன்னிக்கு அவரை இங்க கூட்டிட்டு வா. ரிப்போர்ட்டு கெடையாது."

ராசேந்திரன் விடவில்லை. "எங்களுக்கு எழுதிக் குடுங்க டாக்டர்."

"ஒங்களுக்கு எதுக்கு எழுதணும்? சாம்பிளு ஒங்களுதா?"

அவர் பைக் சாவியோடு வெளியே நடந்தார். அஞ்சலை அவர் பைக்கில் ஏறவில்லை. பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்து போனாள். அவர் வண்டியை உருட்டிக்கொண்டே அவள் பின்னால் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

இடையில் வந்த நாள் முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. வேறு சாம்பிள்களை எண்ணினேன், எண்ணியதை மறந்து மறுபடி எண்ணினேன். அவர் வர மறுத்துவிட்டால்? அவள் கோபத்தில் அண்ணனோடு போய்விட்டால்? ஒரு மூடி லோஷனால் ஒரு குடும்பம் கலைந்துவிடும் போலிருந்தது. அப்படிக் கலைப்பதுதான் அந்த மனுஷனுக்கு வேண்டும் என்பது அதைவிட மோசம்.

வந்தார்கள். ஆட்டோவிலிருந்து முருகவேலைத் தூக்கி வீல்சேரில் வைத்தவர் ராசேந்திரன்தான். அன்று டாக்டர் கை கழுவப் போகவில்லை. ஒரு குட்டை ஸ்டூலை இழுத்துப்போட்டு, முருகவேலின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தார். அஞ்சலையும் நானும் இருந்தோம்.

"லோஷன் ஊத்துனீங்களா?"

முருகவேல் தயங்கவே இல்லை. "ஆமாங்க."

அஞ்சலை பாய்ந்துவிட்டாள். "என்ன தொரத்துறதுக்கு ஒனக்கு லோஷன் வேணுமா மாமா? வாயால சொல்றதுக்கு என்னா?"

"சொன்னா போயிடுவியா?"

"போவ மாட்டேன்."

"அதான் ஊத்துனேன்."

"நல்லா ஊத்துனியே! நான் என்னா கஷ்டப்பட்டு, கை மரத்துப் போற அளவுக்கு அந்த மெஷினப் புடிச்சிட்டு... மடியில வெச்சி பொத்திப் பொத்திக் கொண்டாந்தேன்யா. பொணத்தயா கொண்டாந்தேன்?"

அவர் அழுதார். சத்தமில்லாமல், சக்கரத்தைப் பிடித்தபடியே. அவள் அழவில்லை. முந்தானையால் அவர் மூக்கைத் துடைத்துவிட்டாள், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே.

டாக்டர் காத்திருந்தார். பிறகு கேட்டார். "நான் ஒண்ணு கேக்கறேன் முருகவேல். அவங்க போறதா இருக்கறதாங்கறது இல்ல. ஒங்களுக்குக் கொழந்த வேணுமா?"

"வேணும்னு சொன்னா இவ இங்கியே கெடந்து சாவா டாக்டர்."

"நான் அதைக் கேக்கல."

 காரிடாரில் யாரோ வாளியை இழுத்துப் போகிற சத்தம் வந்து, போய், அடங்கியது. "வேணும்" என்றார்.

அன்றைக்கே செய்தார்கள். அந்த முறையைக் கவிதா தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் டியூப் வைத்து மூத்திரப்பையைக் காலி செய்தோம். விந்து சில நேரம் முன்னால் வராமல் பின்வாங்கி மூத்திரப்பைக்குள் போய்விடும். வெறும் பையாக இருந்தால் அங்கிருந்தும் எடுக்கலாம். டியூபுக்கு வழக்கமான ஜெல்லி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதுவும் அணுக்களுக்கு ஆகாது. அழுத்தம் ஏறாமலிருக்க முன்கூட்டியே மாத்திரை. நடுமார்புக்கு மேலே அடிபட்டவர்களுக்கு இதில் ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும், உயிருக்கே ஆபத்து. இவருக்கு அடி அந்த எல்லையில் இருந்தது. கருவியை அஞ்சலை பிடித்தாள். டாக்டர் பக்கத்தில். நான் கட்டிலுக்கு முதுகைக் காட்டி நின்று ரத்த அழுத்தக் கருவியின் பாதரசத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏற ஏறச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"தலை வலிக்குதா?" என்று டாக்டர் விடாமல் கேட்டார்.

"இல்லங்க. மூஞ்சிதான் வேர்க்குது."

"நிறுத்தும்மா. ரெஸ்ட்." மறுபடி. மறுபடியும் நிறுத்தம். கால்கள் தானாக விறைத்து உதறுகிற சத்தம் கட்டிலில் கேட்டது. பாதரசம் சட்டென்று ஏறியது. நான் எண்ணைச் சொல்வதற்குள் அஞ்சலை, "டப்பா, டப்பா!" என்றாள்.

இந்த முறை டப்பா நேரே என் கைக்கு வந்தது. இளகும்வரை ஒரு இடத்தில் நிற்க முடியாமல் லேபுக்குள்ளேயே சுற்றினேன். பிறகு குனிந்தேன். முதலில் வெள்ளையணுக்கள்தான் தெரிந்தன, ஏராளமாக. நடுநடுவே விந்தணுக்கள், பெரும்பாலும் கிடந்தபடி. ஒன்று நெளிந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. ஓரத்தில் ஒன்று மெதுவாக, நிஜமாகவே நகர்ந்து போனது. சாயம் போட்டபோது சிவப்புக்கு நடுவே சாயம் ஏறாத வெள்ளைகள் நின்றன.

டாக்டர் பார்த்துவிட்டு, மைக்ராஸ்கோப்பை மேசையிலிருந்து கீழே இறக்கச் சொன்னார். ஒரு நாற்காலிமேல் வைத்து, வீல்சேரை அதனருகே தள்ளினோம். முருகவேல் குனிந்து பார்த்தார்.

"எதும்மா? இந்த ஆடுறதா?"

"ஆமாங்க."

"எங்கயும் போவலியே. நின்ன எடத்துலயே ஆடுதுங்க."

"ஒண்ணு ரெண்டு நகருது, ஓரத்துல பாருங்க."

அவர் தேடினார். "ம். மத்ததெல்லாம் என்ன மாதிரி."

அஞ்சலை சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். டாக்டர் சரோஜா சிரித்து நான் பார்த்த சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

பிறகு டாக்டர் எதையும் மறைக்காமல் சொன்னார். இந்த ஓட்டத்தை வைத்துக்கொண்டு தானாகக் கரு நிற்பது கஷ்டம். புதுச்சேரியில் ஓர் அணுவை எடுத்து முட்டைக்குள்ளேயே செலுத்துகிற வசதி இருக்கிறது. அதற்கு உயிருள்ள ஒன்று போதும். ஆனால் நிற்குமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. செலவும் அலைச்சலும் உண்டு. "கொழந்த பொறக்கும்னு நான் சொல்லல. வழி இருக்குதுன்னு மட்டும் சொல்றேன்."

வெளியே ராசேந்திரன் எழுந்து வந்தார். "என்னா சொல்றாங்க? பொறக்குமா?"

"தெரியாதாம்ணே" என்றாள் அஞ்சலை.

"தெரியாதுன்னா? அப்ப நீ எதுக்கு..."

"ஆட்டோக்காரர் நிக்கறாரு பாரு. மாமாவ ஏத்தணும், ஒரு கை புடி."

அவர் தங்கையைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். பைக் சாவியைப் பாக்கெட்டில் போட்டுவிட்டுக் குனிந்து தூக்கினார்.

இதை நல்ல முடிவு என்று கவிதா நினைத்துக்கொள்ளக் கூடாது. புதுச்சேரி போனார்கள். இங்கிருந்து பஸ்ஸில் முடியாது, வேன் பிடித்துப் போனார்கள். அஞ்சலைக்கு ஊசிகள், ஸ்கேன்கள். கரு வைத்த பிறகு ரிசல்ட் வருகிற நாளில் நான் போனைச் சுற்றியே நடந்துகொண்டிருந்தேன். அவள் லேபுக்குத்தான் போன் செய்தாள்.

"நிக்கலக்கா" என்றாள்.

எனக்கு முதலில் மனதில் வந்தது அவளுடைய வருத்தம் அல்ல. அந்த மனுஷனின் கட்டில்தான் வந்தது. இப்போது அவருக்கு லோஷனே தேவையில்லை. தங்கச்சியை அழைத்துப் போ என்று சொல்ல உண்மையான காரணமே கிடைத்துவிட்டது.

"அவரு என்னா சொல்றாரு?" என்று கேட்டேன். கேட்கும்போதே பயமாக இருந்தது.

"மாமாவா? ஆஸ்பத்திரியில எல்லாரும் என்னியே பாத்துப் பாவப்பட்டுட்டு இருந்தாங்கக்கா. அங்க இருக்கற டாக்டர் சொல்லிட்டு வெளிய போவப் போனாரு. மாமா அவர் கோட்டப் புடிச்சி நிறுத்திடுச்சி."

"எதுக்கு?"

"அடுத்தது என்னிக்கி வெச்சிக்கலாம்னு கேக்கறதுக்கு."